நான்கு, எட்டு, பதினாறு: ஒலிபெருக்கியும் நமது மேடைத் தமிழும்



ஏடுகளையும் புலவர்களையும் பற்றிப் பேசும் இலக்கியத் தொடரொன்றில் இரும்புப் பெட்டியொன்றைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம்மவர் கேட்ட சொற்பொழிவுகள், கதாப்பிரசங்கங்கள், வில்லுப்பாட்டுகள், இசைக் கச்சேரிகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை அத்தகைய பெட்டி ஒன்றின் வழியாகவே நம் செவிகளை அடைந்தன. அதுதான் வால்வுகளால் இயங்கிய ஒலிபெருக்கிப் பெட்டி. ஊர் வழக்கில் 'அம்பிளிபயர்'. அதன் பின்பக்கத்தில் ஒரு வரிசைத் திருகாணிகள் இருக்கும். அவற்றின் கீழே நான்கு, எட்டு, பதினாறு என்ற எண்களும், சில பெட்டிகளில் நூறு வோல்ற் என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். எந்தத் திருகாணியில் ஸ்பீக்கர் வயரைக் கொழுவுவது என்பதை அறிந்த ஒருவர் கோயில் வீதியில் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய நாவலரின் பேச்சும் பின்வரிசையைச் சென்றடையாது. அந்த மூன்று எண்களின் வரலாற்றையும், அவை நமது மேடைத் தமிழுக்குச் செய்ததையும் இன்று சிறிது சிந்திப்போம்.

ஒலிபெருக்கிக்கு முன்

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார் என்பது வரலாறு. அந்நாளில் பேச்சாளருக்குத் துணையாக இருந்தவை அவரது நெஞ்சுரமும் மண்டபத்தின் கற்சுவர்களும் மட்டுமே. குரல் எட்டும் தூரமே சபையின் எல்லை. கூத்துக் களரியிலும் இதே நிலைதான். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியமைக்குத் தாளக்கட்டு ஒரு காரணம். சுற்றியிருந்தவர் அனைவருக்கும் அந்த அடி விளங்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இசை நாடக மேடையில் நிலைமை இன்னும் கடினமானது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926 இல் கொழும்பு நாடக மேடையில் இணைந்து நடித்தனர். ஒலிவாங்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடக்கூடியவரே மேடையை ஆள முடியும். மென்குரல் கொண்ட ஒருவர் எத்துணை ஞானம் உடையவராக இருப்பினும், பெரிய சபையில் அவர் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஊமையே. ஒலிபெருக்கி வந்தபோது முதலில் விடுதலை பெற்றவர்கள் இத்தகைய மென்குரலினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வால்வு வந்த வழி

1904 இல் இங்கிலாந்தில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இரு முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1906 இல் அமெரிக்கரான லீ டி ஃபொரஸ்ற் அதனுள் மூன்றாவது முனையொன்றைப் புகுத்தினார். பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட இந்த மூவாயியே நலிந்த மின்குறிப்பைப் பெருக்கிக் காட்டும் ஆற்றலை உலகுக்குத் தந்தது. 1919 செப்ரெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் சான் டியேகோ நகர மைதானத்தில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் ஒலிபெருக்கி மூலம் உரையாற்றினார். ஒரு தனிமனிதக் குரல் அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே நேரத்தில் சென்றடைந்தது அந்நாளில் பெரும் புதுமை. 1925 இல் ரைஸ், கெலொக் என்னும் இருவர் இயங்கு சுருள் ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தனர். இன்றும் நம் வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்த இலக்கணத்தின் வழிவந்தவையே.

அதே 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி தொடங்கப்பட்டது. முதற் பரிசோதனைகளுக்கு, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்கள் பயன்பட்டன என்பது சுவையான செய்தி. இந்தியாவில் பம்பாயைச் சேர்ந்த மொட்வானி குடும்பத்தினரின் 'சிக்காகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள் காங்கிரஸ் மாநாட்டு மேடைகளில் இடம்பிடித்தன. இலங்கையில் 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபின் அரசியல் பேச்சு படித்தவர்களின் மண்டபத்தை விட்டுச் சந்தைவெளிக்கு வந்தது. சந்தைவெளிக்குப் பெருங்குரல் தேவைப்பட்டது.

நமது திருகோணமலைத் துறைமுகத்துக்கு வால்வு வேறொரு வாசலாலும் வந்தது. பிரித்தானியக் கடற்படை இங்கு கம்பியில்லாத் தந்தி நிலையத்துடன் கூடிய தளத்தை நடத்திற்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவற்றின் வருகையை முன்கூட்டிக் கண்டுகொண்ட றேடாரும் வால்வுகளால் இயங்கியதே. 1957 ஒக்ரோபரில் இத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துறைமுகத்தின் உள்ளே போருக்காக ஒளிர்ந்த அதே இனக் கண்ணாடிக் குமிழ்கள்தாம், மதிலுக்கு வெளியே கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடலுக்காக ஒளிர்ந்தன.

எண்களின் இரகசியம்

இனி அந்த மூன்று எண்களுக்கு வருவோம். வால்வின் இயல்பு உயர்ந்த மின்னழுத்தத்தில் சிறிய மின்னோட்டத்தை வழங்குவது. அதன் தட்டில் நானூறு, ஐந்நூறு வோல்ற் இருக்கும். ஓடும் மின்னோட்டமோ சிறிது. ஸ்பீக்கரின் சுருள் இதற்கு நேர்மாறானது. அதற்குச் சில வோல்ற்றுகள் போதும். ஆனால் தாராளமான மின்னோட்டம் வேண்டும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான இவ்விகிதத்தைத்தான், மாறிச்செல்லும் மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, 'தடங்கல்' என்று நமது பாடநூல்கள் அழைக்கின்றன. தமிழ்நாட்டார் 'மின்மறுப்பு' என்பர். ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டவர் ஒலிவர் ஹெவிசைட், ஆண்டு 1886.

இருவரையும் இணக்கி வைப்பது வெளியீட்டு நிலைமாற்றி, ஊர் வழக்கில் 'ரான்ஸ்போமர்'. கிணற்றுத் துலாவை எண்ணிப் பாருங்கள். துலாவின் ஒரு கை குட்டை, ஒரு கை நெடியது. ஒரு பக்கத்தில் விசை மிகுந்து அசைவு குறைந்தால், மறுபக்கத்தில் அசைவு மிகுந்து விசை குறையும். நிலைமாற்றியும் அவ்வாறே அழுத்தத்தைக் கொடுத்து ஓட்டத்தை வாங்குகிறது. முதற்சுருளின் சுற்றுக்களுக்கும் துணைச்சுருளின் சுற்றுக்களுக்கும் உள்ள விகிதமே இந்தப் பண்டமாற்றின் விலை. தடங்கல் மாறுவதோ அவ்விகிதத்தின் வர்க்கப்படி.

ஓர் எடுத்துக்காட்டு. 1936 இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 6எல்6, 1950களில் பிலிப்ஸ் குழுமத்திலிருந்து வந்த இ.எல்.34 போன்ற வால்வுகள் சோடியாக வேலைசெய்யும்போது சில ஆயிரம் ஓம் சுமையை வேண்டி நிற்கும். அதை 6400 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு ஓம் ஸ்பீக்கரை அந்த வால்வுக்கு 6400 ஆகக் காட்டவேண்டுமானால், நானூறு மடங்கு வேண்டும். நானூறின் வர்க்கமூலம் இருபது. ஆகவே சுற்று விகிதம் இருபதுக்கு ஒன்று. நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு 1600 மடங்கு; விகிதம் நாற்பதுக்கு ஒன்று. எட்டு ஓமுக்கு ஏறத்தாழ இருபத்தெட்டுக்கு ஒன்று. இதனால் மூன்று நிலைமாற்றிகள் தேவையில்லை. ஒரே துணைச்சுருளின் கடைசி முனை பதினாறு ஓம். சுருளின் சரிபாதியில் வெளியே எடுத்த முனை நான்கு ஓம். நூற்றுக்கு எழுபத்தொரு பங்கில் எடுத்தது எட்டு ஓம். பெட்டியின் பின்பக்கத் திருகாணிகள் இவைதாம்.

யாழும் நிலைமாற்றியும்

இந்த இடத்தில் சுவாமி விபுலாநந்தரை நினையாமல் அப்பாற் செல்ல இயலாது. இராமகிருஷ்ண மிஷன் 1925 இல் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றதைத் தொடர்ந்து, அடிகள் அக்கல்லூரியின் அதிபராகவும் பணியாற்றினார். அவர் அறிவியல் பட்டதாரி. 1947 இல் அரங்கேறிய அவரது யாழ்நூல், நரம்பின் நீளத்துக்கும் அது எழுப்பும் சுரத்துக்கும் உள்ள கணக்கை அடிப்படையாகக் கொண்டு பண்டைத் தமிழிசையை ஆராய்ந்த நூல். நரம்பைச் சரிபாதியில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் பிறக்கும். எழுபத்தொரு பங்கு நீளத்தில் ஏறத்தாழப் பிரதிமத்திமம் பேசும். நிலைமாற்றியின் சுருளில் நான்கு ஓம் முனையும் எட்டு ஓம் முனையும் நிற்பது அதே இரண்டு பங்குகளில்தான்! இரண்டுக்கும் பௌதிகம் வேறு. ஆனால் விகிதத்தை நம்பி வாழும் தன்மை ஒன்று. யாழின் திவவை இடமாற்றிக் கட்டியவன் பாட்டைக் கெடுப்பான். முனையை மாற்றிக் கொழுவியவன் பெட்டியையே கெடுப்பான்.

1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளுக்கும் அடிகள் தலைமை வகித்தார். அம்மரபின் தொடர்ச்சியாகவே பின்னர் இலங்கையில் 'தடங்கல்', 'நிலைமாற்றி', 'விரியலாக்கி' முதலான சொற்கள் நமது பாடநூல்களில் இடம்பெற்றன. ஆனால் திருவிழாப் பந்தலில் நின்றவர்கள் இச்சொற்களைக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் சொன்னது 'பதினாறில கொழுவு' என்பது. 'கொழுவு' என்னும் வினைச்சொல் எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள். புத்தகச் சொல்லும் பட்டறைச் சொல்லும் ஒன்றையொன்று சந்திக்காமலே ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழ் இதனால் இழந்தது சிறிதன்று.

பந்தலில் நின்றவர்களின் கணக்கு

கோயில் வீதிகளில் கட்டப்பட்ட குழாய் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பதினாறு ஓம் கொண்டவை. ஒன்றை மட்டும் கட்டினால் பதினாறாம் முனை. இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் தடங்கல் எட்டாகக் குறையும். நான்கை அவ்வாறு இணைத்தால் நான்காகும். இரண்டிரண்டாகத் தொடராக இணைத்து, அவ்விரு சோடிகளையும் பக்கம் பக்கமாக இணைத்தால் மீண்டும் பதினாறு. அதிகம் பள்ளிக்குச் செல்லாத பலர் இக்கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தனர்.

பிழைத்தால் என்ன நேரும்? நான்கு ஓம் சுமையைப் பதினாறாம் முனையில் கொழுவினால், வால்வு 6400 ஓமுக்குப் பதிலாக 1600 ஓமைக் காணும். மின்னோட்டம் மிகும், ஒலி கரகரக்கும், தட்டு செஞ்சூடேறி வால்வின் ஆயுள் குறையும். இதைவிடக் கொடியது ஸ்பீக்கரே இல்லாமற் போவது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் வயர் அறுந்தால், நிலைமாற்றியின் இரும்பில் தேங்கிய சக்திக்குப் போக்கிடம் இல்லை. அது பேரழுத்தமாக எழுந்து சுருளின் காப்பையே துளைத்துவிடும். ஸ்பீக்கர் சேவையில் நெடுங்காலம் உழைத்த முதியவர் ஒருவர் இதை எனக்கு ஒரே வரியில் விளக்கினார்: "மாஸ்ரர், பாட்டு ஓடேக்க வயரைக் கழட்டினா, சுமை இறக்கின மாடு மாதிரி அது துள்ளும்." பின்வந்த திரான்சிற்றர் பெட்டிகளின் சுபாவமோ வேறு. அவை வயர் அறுந்தால் பொறுத்துக்கொள்ளும். இரு வயரும் ஒன்றோடொன்று முட்டினால் எரிந்துபோகும். பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாறியவர்கள் தமது அச்சத்தையே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

தூரமும் ஒரு பகைதான். ஒரு சதுர மில்லிமீற்றரில் முக்கால் பங்கு பருமனுள்ள செப்புக் கம்பியை நூறு மீற்றர் தூரம் இழுத்தால், போக்கும் வரவுமாக இருநூறு மீற்றர். தடை ஏறத்தாழ 4.6 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இவ்வழியே அனுப்பும் வலுவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கம்பியைச் சூடாக்குவதிலேயே செலவழிந்துவிடும். இதற்குப் பரிகாரமே நூறு வோல்ற் முனை. நூறு வாற் வலுவை நூறு வோல்ற்றில் அனுப்பினால் ஓடுவது ஓர் அம்பியர்தான். சுமை நூறு ஓமாகத் தோன்றும். அதே கம்பியில் இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஒவ்வொரு ஸ்பீக்கரின் அடியிலும் ஒரு சிறு நிலைமாற்றி வைத்து மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டும். இலக்சபானாவிலிருந்து மின்சாரம் மலைகளைத் தாண்டி வருவதும் இதே தத்துவத்தால்தான்.

இதன் மிகப் பெரிய வடிவமும் நமது மாவட்டத்திலேயே இருந்தது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் 1980களில் இங்கு அஞ்சல் ஒலிபரப்பு நிலையமொன்றை இயக்கத் தொடங்கியது. 2013 இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. பெருவலு ஒலிபரப்பியை வான்கம்பியுடன் இணைக்கும்போதும் தீர்க்கவேண்டிய சிக்கல் இதுவே: கொடுப்பதும் கொள்வதும் இணங்க வேண்டும், இணங்காவிட்டால் அனுப்பிய சக்தி திரும்பி வந்து அனுப்பியதையே தாக்கும்.

மேடைத் தமிழ் மாறிய கதை

ஒலிபெருக்கி குரலைப் பெருக்கியதோடு நிற்கவில்லை. பேச்சின் நடையையும் அது மாற்றியது என்பது என் கருத்து. குழாய் ஸ்பீக்கர் மந்தர ஒலிகளைத் தராது. நடுத்தர ஒலிகளையே வலுவாக எறியும். ஆகவே கணீரென்ற குரலும் தெளிவான வல்லின உச்சரிப்பும் மதிப்புப் பெற்றன. மேலும், ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நூறு மீற்றர் இடைவெளியில் கட்டிய இரண்டு ஸ்பீக்கர்களுள் ஒன்றின் அருகே நிற்பவருக்கு, மற்றதன் ஒலி வினாடியில் பத்தில் மூன்று பங்கு பிந்தி வந்து சேரும். கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரை என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். இந்தத் தாமதமும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே நீண்ட வாக்கியங்களை மூச்சுவிடாமல் அடுக்கிய பேச்சாளரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. சிறு சிறு தொடர்களாகப் பிரித்து, இடைவெளி விட்டு, எதுகையும் மோனையும் துலங்கப் பேசியவரோ கடைசித் தெருவரை விளங்கினார். இருபதாம் நூற்றாண்டின் அடுக்குமொழி மேடைத் தமிழுக்குக் கொள்கையும் இலக்கிய மரபும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. மரத்தில் கட்டிய குழாயும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

வானொலிப் பேச்சு இதற்கு மறுதலையாக வளர்ந்தது. சோ. சிவபாதசுந்தரம் தமது 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலின் மூலம் அத்துறைக்குத் தமிழில் இலக்கணம் வகுத்த முன்னோடி. வானொலியில் கேட்பவர் பெருங்கூட்டம் அல்லர். வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஒருவர். அங்கே முழக்கம் எடுபடாது, உரையாடல்தான் எடுபடும். இலங்கை வானொலியின் மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் நாடு கடந்தும் வீட்டுக்கு வீடு உறவினராக ஆனமைக்கு இந்தச் சமீபமே காரணம். ஒரே வால்வு, ஒரே தமிழைச் சந்தியில் முழக்கமாகவும் திண்ணையில் குசலமாகவும் பிரித்து வளர்த்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குரலைப் பெருக்கும் வசதி கிடைத்தபின் நிறுத்தும் நிதானத்தைப் பலர் இழந்தனர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளரும் பட்ட துன்பம் சிறிதன்று. 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. முனைக்கு ஏற்ற சுமை என்பதுபோல், ஊருக்கு ஏற்ற ஒலி என்பதும் ஒரு கணக்கே. அதைத் திருகாணியில் எவரும் பொறித்துத் தருவதில்லை.

பதிவு செய்யப்படாதவர்கள்

போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயம் மீண்டும் எழுந்து 1963 இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன், 1956 ஓகஸ்ற்றில் தமிழரசுக் கட்சியின் மாநாட்டுக்காகப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்தே திருமலைக்கு வந்தனர். இத்தகைய நாள்களின் தலைவர்கள், உபயகாரர், புலவர்கள் ஆகியோரின் பெயர்கள் மலர்களில் உண்டு. நம் ஊர்த் திருவிழாக்களிலும் கூட்டங்களிலும் மைக் கட்டியவரின் பெயரை எந்த மலரிலேனும் கண்டிருக்கிறீர்களா? நவராத்திரிக் கும்ப விழாக்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் விடிய விடியக் கண்விழித்து, மழையில் நனைந்த வயரைக் கையில் பிடித்து, நானூறு வோல்ற் அருகே உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள் இவர்கள். மின்னை நிறுத்திய பின்னரும் அப்பெட்டியின் கொள்ளளவிகளில் ஆளைக் கொல்லும் மின் தங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் இவ்வுழைப்பின் விலை புரியும்.

திரான்சிற்றர் வந்தபின் வால்வுப் பெட்டிகள் பின்னறைகளுக்குச் சென்றன. போரும் இடப்பெயர்வும் 2004 ஆழிப்பேரலையும் பலவற்றைக் கொண்டுபோயின. எஞ்சியவை நிறைக்கு விலைபேசப்பட்டுப் பழைய இரும்பாகின்றன. நிலைமாற்றியின் செம்பு தனியே விற்கப்படுகிறது. பெட்டியைப் பின்னர் எங்கேனும் தேடிப் பெறலாம். அதைக் கட்டியாண்டவர்களின் சொற்களைத் தேடிப் பெற இயலாது. அவர்களுள் பலர் எழுபதைக் கடந்துவிட்டனர்.

ஆகவே நேயர்களிடமும் ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டும் மாணவர்களை இவ்வருடம் கமக்காரரிடமும் கடற்றொழிலாளரிடமும் அனுப்புவதோடு, ஊரில் ஸ்பீக்கர் கட்டிய முதியவரிடமும் ஒருமுறை அனுப்புங்கள். எந்த மரத்தில் எத்தனை குழாய் கட்டினீர்கள், எந்த முனையில் கொழுவினீர்கள், வயர் அறுந்த இரவில் என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதி வரட்டும். உங்கள் வீட்டுப் பின்னறையில் அத்தகைய பெட்டி ஒன்று கிடந்தால், விற்பதற்கு முன் தூசியைத் துடைத்து, பின்பக்கத்தில் பொறித்திருப்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத அதிக நேரம் பிடிக்காது. நான்கு, எட்டு, பதினாறு. அதன் கீழே, அதைக் கட்டியவரின் பெயர்.